ஏஐ போர்டு வாங்கப் போறீங்களா? கோரல், ஹைலோ, ஜெட்சன், ராக்சிப் – எது எந்த வேலைக்கு ஆகும்

போன மாசம் சித்தி பையன் ஃபோன் பண்ணான். கோயமுத்தூர் பக்கம் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறான். அவங்க டிபார்ட்மென்ட் கிளப்புக்கு 40,000 ரூபா சாங்ஷன் ஆயிருக்கு, மார்ச்சுக்குள்ள செலவு பண்ணி பில்லு குடுத்தாகணும், "ஏஐ போர்டு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம்ணா, எது நல்லாருக்கும்"னு கேட்டான். (ஏஐ போர்டுன்னா, படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிற மாதிரி ஏஐ வேலைய வேகமா செய்யற சிப்பு வச்ச சின்ன கம்ப்யூட்டர், இல்லன்னா கம்ப்யூட்டர்ல சொருகுற சாதனம்.) கூடவே ஒரு ஷீட்டு அனுப்புனான், பன்னெண்டு போர்டு, டாப்ஸ்ங்கற வேக நம்பர் படி வரிசை, பெருசு மேல சிறுசு கீழ. எதுக்குடா வாங்குறீங்கன்னு கேட்டேன். "வாங்கி வச்சுட்டு எதாவது பண்ணலாம்ணா"ங்கறான்.

அவன தப்பு சொல்ல மாட்டேன். இந்த சின்ன ஏஐ சிப்பு செய்யற கம்பெனிங்களே பாதி பேரு அப்படித்தான் செய்யறாங்க, மொதல்ல சிப்பு வந்துரும், டெமோ வீடியோ வந்துரும், அப்புறம் இத யாரு எதுக்கு வாங்குவாங்கன்னு தேடிட்டு இருப்பாங்க. ரெண்டு வருஷத்துல டிரைவர் அப்டேட் நின்னுரும், வாங்குனவன் கையில ஒரு சின்ன அலுமினிய டப்பா மிஞ்சும். அதனாலதான் இத கொஞ்சம் விரிவா எழுதறேன், இதே கேள்வியோட இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்.

மொதல் வேலையா அந்த ஷீட்டுல டாப்ஸ் காலத்த (மேலருந்து கீழ போற கட்டம்) அழிக்க சொன்னேன். டாப்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தன லட்சம் கோடி கணக்கு போடும்ங்கறது, ஆனா அது டேட்டா சிப்புக்குள்ள எப்பவும் தயாரா இருக்குன்னு வச்சுகிட்டு சொல்ற உச்சபட்ச நம்பர். அதுலயும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா எண்ணுறாங்க. ஜெட்சன் ஓரின் நானோ சூப்பருக்கு போட்டிருக்குற 67ங்கறது ஸ்பார்ஸ் கணக்கு, அதாவது மாடல்ல (ட்ரெயின் பண்ணி வச்ச ஏஐ ப்ரோக்ராம்) பாதி நம்பர பூஜ்யமா வச்சு அத கணக்கு போடாம தாண்டறது, சாதாரண மாடல் ஓட்டுனா அதுல பாதிதான். ஹைலோ-10எச்சுக்கு சொல்ற 40 நாலு பிட்டு கணக்கு (ஒவ்வொரு நம்பரையும் இன்னும் சின்னதா சுருக்கி வச்சு போடறது), மத்ததெல்லாம் எட்டு பிட்டு. இதையெல்லாம் ஒரே காலத்துல எழுதி வரிசை பண்றது படியையும் கிலோவையும் ஒரே தராசுல வைக்கிற மாதிரி.

டாப்ஸுக்கு பதிலா மூணு காலம் போட சொன்னேன். உங்க சொந்த மாடல இதுல ஏத்த எத்தன நாள் ஆகும். இத வச்சு தினமும் ஒரு வேலைய ஓட்டுற ஆளுங்க எங்க இருக்காங்க. அஞ்சு வருஷம் கழிச்சு புது லினக்ஸ்ல இது எந்திரிக்குமா.

இத நான் பட்டு தெரிஞ்சுகிட்டதுதான். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு யூஎஸ்பி குச்சி வாங்குனேன், எந்த கம்பெனின்னு வேணாம். டெமோ மாடல் பத்தே நிமிஷத்துல ஓடுச்சு, ரொம்ப சந்தோஷம். அடுத்து நானே ட்ரெயின் பண்ண மாடல ஏத்தலாம்னு உக்காந்தேன், மூணு வாரக்கடைசி போச்சு. மாடல்ல ஒரே ஒரு லேயர் (மாடலுக்குள்ள ஒரு படி) அந்த கம்பைலருக்கு (மாடல சிப்புக்கு புரியற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்) தெரியாது, அந்த லேயர்ல இருந்து மீதி எல்லாம் சிபியூவுக்கு போயிருச்சு, ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு, வெறும் சிபியூல ஓட்டுனா என்ன ஸ்பீடு வருமோ கிட்டத்தட்ட அதேதான் வந்துச்சு. அப்புறம் ஓஎஸ் மாத்துனேன், டிரைவர் பில்டே ஆகல. டெமோவுக்கும் நம்ம சொந்த மாடலுக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடுது, பரிசல் இருக்கான்னு மொதல்ல பாக்கணும்.

சரி, இப்ப ஒவ்வொண்ணா வர்றேன்.

கூகுள் கோரல்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா ஒரு சிப்புக்கு வேலை கெடச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் இல்ல. 2019ல வந்துச்சு, யூஎஸ்பி குச்சியாவும் உள்ள சொருகுற பிசிஐ கார்டாவும். 4 டாப்ஸ், 2 வாட்டு. சிப்புக்குள்ள மெமரி சுமாரா 8 எம்பிதான். டென்சர்ஃப்ளோ லைட்டுங்கற கூகுள் ஃபார்மேட்ல இருக்குற மாடல், அதுவும் முழுக்க எட்டு பிட்டா மாத்துனது மட்டும்தான் ஏத்தும். இன்னொரு விசித்திரம் இருக்கு, குச்சிய சொருகிட்டு லினக்ஸ்ல எல்எஸ்யூஎஸ்பி (சொருகுன யூஎஸ்பி சாதனத்த பட்டியல் போடுற கமாண்டு) அடிச்சீங்கன்னா 'குளோபல் யூனிசிப்'னு ஒரு பேரு காட்டும், ஒரு தடவ மாடல ஓட்டுன பிறகு திரும்ப அடிச்சா அதே குச்சி 'கூகுள்'னு காட்டும், நடுவுல ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) ஏறி ஐடியே மாறிடுது. வெர்ச்சுவல் மெஷினுக்குள்ள (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) ஒரு ஐடிய மட்டும் பாஸ் பண்ணி விட்டுட்டு குச்சி காணாம போச்சுன்னு ராத்திரி பூரா தேடுனவங்க ஏராளம்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் இது ஏன் அவ்வளவு வித்துச்சு? ஃப்ரிகேட். வீட்டு சிசிடிவிய கிளவுடுக்கு அனுப்பாம வீட்டுக்குள்ளயே ஓட்டுற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அது. சாதாரண கேமரால மோஷன் அலர்ட்டுனா மரக்கிளை ஆடுனா வரும், மழை பெஞ்சா வரும், தெரு நாய் போனா வரும், மூணாம் நாளு நாமளே அத ஆஃப் பண்ணிருவோம். ஃப்ரிகேட் என்ன பண்ணும்னா, மொதல்ல எங்க அசையுதுன்னு சிபியூல சும்மா பாத்துக்கும், அசையுற அந்த துண்ட மட்டும் 320க்கு 320 சைஸ்ல வெட்டி டிடெக்டர் கிட்ட குடுத்து, இது மனுஷனா வண்டியா நாயான்னு கேக்கும். கோரல் சுமாரா 10 மில்லிசெகண்டுல பதில் சொல்லிரும். 8 எம்பி மெமரி, சின்ன மாடல், 2 வாட்டுன்னு அந்த சிப்போட கொறையா தெரிஞ்சதெல்லாம் இந்த வேலைக்கு கச்சிதமா பொருந்திருச்சு. சிப்பு தட்டுப்பாடு வந்த 2021, 2022ல கோரல் எங்கயுமே கெடைக்கல, இருந்தவங்க ரெண்டு மடங்கு விலைக்கு வித்தாங்க. கூகுள் பக்கம் சாஃப்ட்வேர் வேலை மெதுவாகி, கோரல பைத்தான்ல ஓட்டுற பைகோரல் லைப்ரரி பைத்தான் 3.9ஓட நின்னு போன பிறகும், லினக்ஸோட உள்மையமான கர்னல் மாறும்போதெல்லாம் பிசிஐ டிரைவர் ஒடஞ்சப்பவும், அத ஒட்டு போட்டு ஓட்டுனது யாருன்னா வீட்டுல கேமரா வச்சிருக்குற சாதாரண ஆளுங்கதான். ஒரு சிப்ப அதோட ஸ்பீடு காப்பாத்தல, தினமும் அத நம்பி இருந்த ஒரு வேலை காப்பாத்துச்சு.

ஆனா இன்னிக்கு புதுசா வாங்குறதுக்கு கோரல் வேணாம். ஃப்ரிகேட் டாக்குமென்ட்லயே புது செட்டப்புக்கு இப்ப இத பரிந்துரைக்கறது இல்ல, கரண்டு ரொம்ப கம்மியா இருக்கணும்னா மட்டும் யோசிக்கலாம்ங்கற அளவுலதான் வச்சிருக்காங்க. ஏற்கனவே கையில இருக்குன்னா தூக்கி போடாதீங்க, ஃப்ரிகேட்ல போட்டா இன்னும் அழகா ஓடும்.

இன்டெல் குச்சி பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மோவிடியஸ் குச்சி 2017ல 79 டாலருக்கு வந்துச்சு, அடுத்த வருஷமே ரெண்டாவது வெர்ஷன். ஓப்பன்வினோங்கற இன்டெல்லோட ஏஐ சாஃப்ட்வேர், அதோட 2023.0 வெர்ஷன்ல அந்த சிப்புக்கான சப்போர்ட்ட எடுத்துட்டாங்க, கதை முடிஞ்சது. ஆனா ஓப்பன்வினோ மட்டும் நல்லா வளந்துருச்சு, ஏன்னா அது எல்லார் வீட்டுலயும் ஏற்கனவே இருக்குற சாதாரண இன்டெல் சிபியூலயும் அதுக்குள்ள இருக்குற சின்ன கிராஃபிக்ஸ்லயும் ஓடும். கோரல் கெடைக்காதவங்க நெறைய பேரு ஆபீஸ்ல கழிச்சு போட்ட பழைய இன்டெல் மினி பிசிய வாங்கி அதுலயே டிடெக்ஷன ஓட்டுறாங்க. அதனால எந்த பட்டியல் போட்டாலும் மொத வரியில "ஒண்ணும் வாங்காம இருக்குறத வச்சு ஓட்டுறது"ங்கறத எழுதி வைங்க. பல வேலைக்கு அதுவே போதும்.

ஹைலோ வேற வழியில வந்துச்சு. இஸ்ரேல் கம்பெனி, தனியா டெவலப்பர தேடி அலையாம ராஸ்ப்பெர்ரி பைங்கற பிரபலமான சின்ன கம்ப்யூட்டர் போர்டு மேல ஏறி உக்காந்துருச்சு. 2024 ஜூன்ல ஏஐ கிட்டுன்னு 70 டாலருக்கு வந்துச்சு, ஹைலோ-8எல் சிப்பு, 13 டாப்ஸ். அதே வருஷம் அக்டோபர்ல ஏஐ ஹேட் ப்ளஸ் (ஹேட்டுனா பை மேல மாட்டுற துணை போர்டு), 13 டாப்ஸ் 70 டாலரு, 26 டாப்ஸ் 110 டாலரு. (இதெல்லாம் வெளியீட்டு விலை, ஷிப்பிங் ஜிஎஸ்டி எல்லாம் சேந்து இங்க கைக்கு வர்ற விலைய வாங்குற அன்னிக்கு பாத்துக்கங்க.) பை 5க்கு மட்டும்தான், ஏன்னா அதுலதான் அந்த பிசிஐ ரிப்பன் கேபிள சொருகுற எடம் இருக்கு. மாட்டி, 'ஹைலோ-ஆல்'ங்கற ஒரே பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணி ரீபூட் பண்ணா கேமரா படத்து மேல பெட்டி பெட்டியா வரஞ்சு காட்டுது. பையோட கேமரா சாஃப்ட்வேருக்குள்ளயே இத சேத்துட்டாங்க, அதுதான் பெரிய விஷயம். ஸ்கூல் பசங்க கூட மொத நாளே ஓட்டிரலாம்.

ஆறு எங்க ஓடுதுன்னா, சொந்த மாடல ஏத்தறதுல. ஹைலோவோட கம்பைலர் பையில ஓடாது, 64 பிட்டு இன்டெல் அல்லது ஏஎம்டி லினக்ஸ் மெஷின் தனியா வேணும், அவங்க டெவலப்பர் தளத்துல பதிவு பண்ணி டவுன்லோடு பண்ணனும். மாடல ஓஎன்என்எக்ஸ்ங்கற பொது ஃபார்மேட்ல எடுத்து, எட்டு பிட்டா மாத்தறதுக்கு நம்ம எடத்துல எடுத்த ஆயிரம் படம் போல குடுத்து, அது கணக்கு போட்டு முடிச்சு கடைசியா ஒரு எச்ஈஎஃப் ஃபைல் வரும், அததான் பைக்கு காப்பி பண்ணனும். படத்துல பொருள கண்டுபிடிக்கிற யோலோ மாதிரி பிரபலமான மாடலா இருந்தா ரெசிபி தயாரா இருக்கு, ரெண்டு நாளுல கரை ஏறிரலாம். நீங்களே யோசிச்சு புதுசா ஒரு மாடல் கட்டுனா அப்பதான் கஷ்டம். இன்னொண்ணு, ஹைலோ-8, 8எல் ரெண்டும் கேமரா வேலைக்குத்தான், சாட்பாட் மாதிரி லாங்குவேஜ் மாடல ஓட்டலாம்னு வாங்கிராதீங்க, அதுக்கு தனியா 8 ஜிபி மெமரியோட ஹைலோ-10எச் ஹேட்டு இருக்கு.

என்விடியாவோட ஜெட்சன் பக்கம் வந்தா, அந்த கம்பெனி டெவலப்பர தேடவே இல்ல, டெவலப்பருங்க ஏற்கனவே க்யூடால (என்விடியா சிப்புல கோடு ஓட்டுற சாஃப்ட்வேர்) இருக்காங்க. உங்க லேப்டாப்ல என்விடியா கார்டுல ஓடுற பைடார்ச் (மாடல் எழுதற லைப்ரரி) கோடு இதுல பெரும்பாலும் அப்படியே ஓடும், கன்வெர்ட் பண்ண வேண்டியதே இல்ல, ஸ்பீடு பத்தலன்னா மட்டும் மாடல வேகமாக்குற டென்சர்ஆர்டி பக்கம் போகலாம். நான் கேட்ட மூணு கேள்வியில மொத ரெண்டுக்கும் இதுகிட்ட நல்ல பதில் இருக்கு. 2024 டிசம்பர்ல ஓரின் நானோ கிட்டோட விலைய 499 டாலர்ல இருந்து 249 ஆக்குனாங்க, 40ஆ இருந்த டாப்ஸ் 67 ஆச்சு, பழைய கிட்டு வச்சிருந்தவங்களுக்கும் அதே ஸ்பீடு சாஃப்ட்வேர் அப்டேட்டாவே கெடச்சுது. 8 ஜிபி மெமரிய சிபியூவும் ஜிபியூவும் பங்கு போட்டுக்கும், நாலு பிட்டு ஆக்குன சின்ன லாங்குவேஜ் மாடல் நெருக்கி உக்காரும்.

மூணாவது கேள்வியிலதான் யோசிக்கணும். ஜெட்பேக்குன்னு அவங்க குடுக்குற லினக்ஸ்தான் ஓடும், அவங்க நிறுத்துனா நின்னுரும். 2019ல 99 டாலருக்கு வந்த மொத ஜெட்சன் நானோ உபுண்டு 18.04ஓட நின்னுபோச்சு, எத்தனையோ காலேஜ் லேப்ல இப்பவும் அதே பழைய ஓஎஸ்ல கெடக்கு. இன்னொரு கண்ணுல படாத விஷயம், முன்ன தயாரான ஓரின் நானோ கிட்டுல ஃபர்ம்வேர் பழசா இருந்தா ஜெட்பேக் 6 மெமரி கார்டு போட்டா பூட்டே ஆகாது, மொதல்ல ஃபர்ம்வேர ஏத்தணும். போர்டு கெட்டுப்போச்சுன்னு பயந்து திருப்பி அனுப்பிராதீங்க.

ராக்சிப் ஆர்கே3588 இருக்குற ஆரஞ்சு பை 5, ராடக்ஸா ராக் 5 மாதிரி போர்டுங்கள்ல 6 டாப்ஸ் என்பியூ (ஏஐ கணக்குக்குன்னே இருக்குற பகுதி) உள்ளயே வருது, தனியா காசு இல்ல. நெறைய பேரு போர்டுக்காக வாங்கி என்பியூவ தொட்டதே இல்ல, ஏன்னா கம்பெனி குடுத்த பழைய கர்னலும் ஆர்கேஎன்என் டூல்கிட்டும் வச்சுதான் ஓட்ட வேண்டியிருந்துச்சு. ஆனா இதுல நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. கம்பெனி குடுக்காத டிரைவர வெளிய இருந்து, ஹார்ட்வேர தட்டி தட்டி பாத்து எழுதுனாங்க, 'ராக்கெட்'னு பேரு, லினக்ஸ் 6.18ல மெயின் கர்னலுக்குள்ளயே வந்துருச்சு. யாரோ ஒருத்தர் உக்காந்து பூட்ட தொறந்ததால ஒரு சிப்புக்கு ஆயுசு கூடிருக்கு. உங்க கிளப்புல கர்னல், கம்பைலர் கத்துக்கணும்ங்கற பசங்க இருந்தா இத விட நல்ல பாடம் கெடைக்காது. வேலை சீக்கிரம் முடியணும்னா இது இல்ல.

டென்ஸ்டாரன்ட்டுங்கற ஏஐ கார்டு கம்பெனி பத்தியும் தம்பி கேட்டான். கார்டு விலையே இந்த பட்ஜெட்ட தாண்டிரும், பேச்சே இல்ல, ஆனா அவங்க வழி கவனிக்க வேண்டியது. சிப்புக்குள்ள கீழ்மட்டம் வரைக்கும் சாஃப்ட்வேர ஓப்பன் சோர்ஸா வச்சுட்டாங்க, கிட்ஹப்ல வேலைய பிரிச்சு போட்டு செஞ்சு குடுக்குறவங்களுக்கு காசும் குடுக்கறாங்க. க்ரோக்குங்கற இன்னொரு சிப்பு கம்பெனி அதுக்கு நேர் எதிர், கார்டு விக்கறத விட்டுட்டு 2024ல இன்டர்நெட் வழியா அவங்க சிப்ப பயன்படுத்துற ஏபிஐ தொறந்தாங்க, டெவலப்பர் அந்த சிப்ப கண்ணால கூட பாக்க மாட்டாரு, ஆனா ஸ்பீட பாத்து கூட்டம் வந்துச்சு.

இவ்வளவும் சொல்லிட்டு திரும்ப கேட்டேன், எதுக்குடா வாங்குறீங்க? மதுக்கரைல ரயில் லைன்ல யானை அடிபடாம இருக்க வனத்துறை 2024ல ஏஐ கேமரா வச்சாங்களே, டவர் போட்டு, தெர்மல் கேமராவோட, அது பக்கத்து ஊருதான, அத மாதிரி உங்க ஊருல எது தலவலின்னு யோசிடான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான், "மயிலுண்ணா."

அவங்க வீட்டுல மக்காச்சோளம் போடுறாங்க. வெதச்ச மறுநாள் காத்தால ஆறு மணிக்கு மயிலு கூட்டமா வந்து வரிசையா கிளறி வெதைய கொத்திட்டு போயிருது, திரும்ப வெதைக்கணும். தேசியப் பறவை, வனவிலங்கு சட்டத்துல மொத பட்டியல்ல இருக்கு, ஒண்ணும் பண்ணவும் கூடாது, பண்ணவும் மனசு வராது. சித்தப்பா விடியக்காலம் தகரத்த தட்டிட்டு காட்ட சுத்தி நடக்கறாரு. மயிலு வந்தா மட்டும் அந்த மூலையில இருக்குற ஸ்பீக்கர் சத்தம் போட்டா போதும், சும்மா நேரம் பாத்து சத்தம் போட்டா ரெண்டு நாளுல பழகிக்குது.

வேலை தெரிஞ்ச உடனே கணக்கு தானா வருது பாருங்க. ரெடிமேடு மாடல்ல 'பறவை'ன்னுதான் இருக்கு, காக்காவுக்கும் கொக்குக்கும் கத்தும், அதனால சொந்த மாடல் கட்டாயம். மயிலு ஒரு செகண்டுல காணாம போறது இல்ல, செகண்டுக்கு ரெண்டு படம் போதும். ஒரே கேமரா, கிட்டத்துல பாக்கணும்னா சின்ன யோலோ மாடல் பை 5ஓட வெறும் சிபியூலயே ஓடும், எந்த ஏஐ சிப்பும் வேணாம். ஆனா காட்டோட அந்த கடைசில நிக்கிற மயிலு 1920க்கு 1080 படத்துல ஒரு பொட்டு மாதிரிதான் தெரியும், படத்த சுருக்குனா அதுவும் போயிரும். அதனால 640 சைஸ்ல ஆறு துண்டா வெட்டி ஒவ்வொண்ணா பாக்கணும். நாலு மூலைக்கு நாலு கேமரா, ஆறு துண்டு, செகண்டுக்கு ரெண்டு தடவ, ஆக மொத்தம் 48. பை சிபியூவால முடியாது, கோரலோட 8 எம்பிக்குள்ளயும் இந்த சைஸ் மாடல் ஒழுங்கா அடங்காது, ஹைலோ-8எல் தாங்கும். ஜெட்சனும் தாராளமா தாங்கும், ஆனா தோட்டத்துல சோலாரும் பேட்டரியும்தான், ஜெட்சன்ல 7ல இருந்து 25 வாட்டு வரைக்கும் மோடு இருந்தாலும் அந்த காசுக்கு பை, ஹேட்டு, கேமரா எல்லாமே சேத்து வந்துரும்.

அதனால நான் சொன்ன வரிசை இதுதான். மொதல்ல ஒரு பை 5, ஒரு கேமரா, ஏஐ சிப்பு இல்லாம, காட்டுக்கு பக்கத்துல வச்சு படம் மட்டும் எடுங்க. மாடல் லேப்டாப்ல ஓரளவு சரியா சொல்ல ஆரம்பிச்ச பிறகு 13 டாப்ஸ் ஹேட்டு வாங்குங்க, 26 வேணாம், அந்த மிச்சத்துல தண்ணி போகாத பெட்டியும் நல்ல லென்ஸும் வாங்கலாம். ஜெட்சன் வேணும்னா அது லேப்ல மேசை மேல வச்சு ட்ரெயினிங், லாங்குவேஜ் மாடல் கத்துக்க அடுத்த வருஷ பட்ஜெட்ல கேளுங்க, காட்டுக்கு இல்ல.

கிளப்புல ரெண்டு பேருக்கு இதுல ஒப்புதல் இல்ல, ஜெட்சன் இருந்தா ரெஸ்யூம்ல போடலாம்ங்கறாங்க. அது நியாயமான கவலைதான், வேலை தேடுற பசங்க. ஆனா இன்டர்வியூல உக்காந்து "போர்டு வாங்குனோம்"னு சொல்றத விட, ஹைலோ கம்பைலர் எந்த லேயர்ல மொரண்டு பண்ணுச்சு, எட்டு பிட்டா மாத்துனப்ப மயிலுக்கு பதிலா எத காட்டுச்சுன்னு சொல்ற பையன்கிட்டதான் நான் அரை மணி நேரம் கூட பேசுவேன், நானும் ஆளெடுக்குற எடத்துல இருக்குறவன்தான்.

பை 5ம் கேமராவும் வந்துருச்சு. கிணத்து மேட்டுல கம்பத்துல கட்டிருக்கான், இதுவரைக்கும் 640 படம் லேபிள் பண்ணிருக்காங்க. நேத்து ராத்திரி ஒரு படம் அனுப்புனான், கீழ விழுந்து கெடக்குற காஞ்ச தென்ன மட்டைய மாடல் மயிலுன்னு பெட்டி போட்டிருக்கு, தோகை மாதிரியே இருக்கு. மட்டை மட்டும் இருக்குற படம் ஒரு இருநூறு எடுத்து, மயில் இல்லன்னு சேத்து திரும்ப ட்ரெயின் பண்ண சொல்லிருக்கேன்.